பேப்பரில் இல்லாத வசனம்

என் படங்களைப் பார்த்து அழாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இரண்டே பேர்தான். ஒருத்தி என் மனைவி. இன்னொருவர் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். என் படங்களுக்கெல்லாம் எடிட்டர் அவர்தான். மற்ற உறவுக்காரர்கள் முதல் காட்சிக்கு வரும்போதே பெரிய கைக்குட்டையாகப் பார்த்து எடுத்து வருவார்கள். என் அத்தை ஒருவர் பெயர்கள் ஓடும்போதே ஆரம்பித்துவிடுவார். இவர்கள் இருவர் மட்டும், வங்கியில் தங்கள் டோக்கன் எண் எப்போது வரும் என்று பலகையைப் பார்க்கிறவர்கள்போலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நீங்கள் கேட்டிருப்பது அன்று காலை வந்த போன் அழைப்பைப் பற்றி. அதற்கு மட்டும் பதில் என்றால் ஒரு வரியில் முடிந்துவிடும். அழைப்பு வந்தது, நான் எடுத்தேன், என் படத்துக் கதாநாயகியிடம் சொல்லவில்லை. டைரக்டர்கள் சங்கத்துக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் 'சிக்னல் சரியாக இல்லை, விஷயம் புரியவில்லை' என்று இருக்கும். அது பொய். எல்லாம் தெளிவாகக் கேட்டது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் அண்ணன் கொடுத்த புகாரில் இல்லாத விஷயமும் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

நான் எடுப்பவை சென்டிமென்ட் படங்கள். நோயாளி அம்மா, கோபித்துக்கொண்டு போன மகன், கடைசியில் மழை, ஆஸ்பத்திரி, வயலின். என் படத்து அம்மாவுக்கு என்ன பிடிக்கும், யாரோடு பேசமாட்டாள், எதற்குச் சிரிப்பாள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அம்மா என்றால் அம்மா, அவ்வளவுதான். அதற்கே ஜனங்கள் அழுதார்கள். அவரவர் அம்மாவை வீட்டிலிருந்து கொண்டுவந்து என் அம்மாவின் மேல் ஏற்றிவைத்து அழுதார்கள். நான் செய்யவேண்டிய வேலையை அவர்கள் செய்தார்கள். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

போன படத்தில் அது நடக்கவில்லை. தியேட்டரில் அம்மா செத்துப்போகிற இடத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் பத்துப் பேர் சிரிப்பார்கள். தயாரிப்பாளர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "இன்னொண்ணு பண்ணலாம், ஆனா இதுதான் கடைசி" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் படத்துக்கு அப்பா, மகள் கதை எழுதினேன். நடனம் கற்க வேண்டும் என்று வீட்டை விட்டுப் போகிற மகள், பேசாமல் இருக்கும் அப்பா, கடைசியில் ஆஸ்பத்திரி. எழுதி முடித்து மச்சானைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மாப்ள, ஒரு சந்தேகம். இந்த அப்பாவும் பொண்ணும் இதுக்கு முன்னாடி சந்திச்சிருக்காங்களா?"

"என்ன மச்சான், அப்பா பொண்ணுன்னு சொல்றேன்."

"அது போஸ்டர்ல போட்டுக்கலாம். படத்துல எங்க இருக்கு? ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டாங்களா? உருப்படியா ஒரு சண்டை போட்டாங்களா? அந்த மனுஷனுக்கு என்ன வேலை?"

"ரிடையர்டு."

"எதுல இருந்து?"

என் மனைவி தட்டுகளை எடுப்பதுபோல எழுந்து உள்ளே போனாள். அவள் சிரிப்பதை நான் பார்க்கக் கூடாதாம்.

"சாகறாரு, சரி. யாரு செத்தாங்கன்னு நீ சொல்லவே மாட்டேங்கிற. அப்புறம் நான் எப்படி மாப்ள அழுவேன்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. திருப்பித் திருப்பி எழுதினேன். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி கொடுத்தேன், தபால் ஆபீஸில் வேலை கொடுத்தேன், முழங்கால் வலி கொடுத்தேன். துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்கு உடுப்பு மாற்றுகிற மாதிரிதான் இருந்தது. கடைசிக் காட்சியில் அவர் மகளைப் பார்த்து, "உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேம்மா" என்பார். அவள் அவர் காலடியில் விழுந்து அழுவாள். அதற்குமேல் எனக்கு எதுவும் வரவில்லை.

கதாநாயகியாக ஒரு புதுப் பெண்ணைப் போட்டேன். சின்ன உருவம், ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். காஸ்ட்யூம் பார்க்கிற அக்கா அவளுக்கு வைத்த பெயர் பட்டாணி. மூன்றாவது நாளே யூனிட் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. நடிக்க வந்ததிலிருந்து அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை என்று முதல் சந்திப்பிலேயே சொன்னாள். ஏன், எப்படி என்று நான் கேட்கவில்லை. பேச்சு வார்த்தை இல்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆஸ்பத்திரிக் காட்சியை, மூடிக்கிடந்த ஒரு நர்சிங் ஹோமை வாடகைக்கு எடுத்துப் படமாக்கினோம். சுவரில் பழைய பச்சைப் பெயின்ட், ஜன்னலோரம் இரும்புக் கட்டில், மேலே ஓடாத ஒரு ஃபேன். அப்பாவாக நடித்தவரை எல்லோரும் பெரியவர் என்போம். எத்தனையோ படங்களில் எத்தனையோ விதமாகச் செத்தவர். கட்டிலில் படுத்தாரென்றால் நமக்கே பயமாக இருக்கும்.

காலையில் முதலில் எடுத்த டேக்குகள் சரியாக வரவில்லை. பட்டாணி நன்றாகத்தான் அழுதாள். கண்ணீர் வந்தது, குரல் உடைந்தது, எல்லாம் இருந்தது. மானிட்டரில் பார்த்த எனக்கோ, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதுபோலவே இருந்தது. மேக்கப்பைச் சரிபண்ணச் சொல்லி இடைவேளை விட்டேன்.

படத்தின் உடுப்பு, தோற்றமெல்லாம் போட்டோவாக வெளியே போய்விடக் கூடாது என்று நடிகர்களின் போனைத் தளத்தில் வாங்கி வைத்துவிடுவோம். பட்டாணியின் போன் காஸ்ட்யூம் அக்காவின் பையில் இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், பட்டாணி போன் விடாம அடிச்சிட்டே இருக்கு. அண்ணன்னு வருது. அவகிட்ட குடுத்துடட்டுமா?"

"குடுங்கக்கா, நான் பேசிக்கிறேன்."

வீட்டுச் சண்டை எதுவும் ஷாட்டுக்கு முன்னால் அவள் காதில் விழ வேண்டாம் என்றுதான் வாங்கினேன்.

அண்ணன் பேசினார். நெஞ்சு வலி வந்து அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், அவசரப் பிரிவில் படுக்கவைத்திருப்பதாகவும் சொன்னார். "டாக்டர் நம்பிக்கையா ஒண்ணும் சொல்லல சார். அவ பேரைத்தான் கேட்டுட்டு இருக்காரு. கொஞ்சம் உடனே அனுப்பி வைங்க." நான், "இப்பவே அனுப்புறேன் தம்பி, நீங்க தைரியமா இருங்க" என்றேன். போனைக் கையில் வைத்தபடியே அவள் இருந்த பக்கம் நடந்தேன். அவளை அனுப்பிவைக்கத்தான் நடந்தேன்.

பாதி வராந்தாவில் அதே எண்ணிலிருந்து மறுபடியும் மணி அடித்தது. எடுத்தேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"டைரக்டர் சாருங்களா?"

அவளுடைய அப்பா. மகன் மருந்து வாங்கப் போயிருப்பதாகவும், போனைத் தன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் பதற்றமில்லை, கடையில் சாமான் கேட்கிற மாதிரி பேசினார்.

"அவ ரூம்ல ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதுன்னு சொல்லிட்டே இருப்பா. சரி பண்ணிட்டேன். இப்ப சத்தமே இல்ல. அவகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேங்க ஐயா."

"சரி. நீங்க வேலையைப் பாருங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

நான் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். மச்சான் கேட்ட எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது. எதற்குச் சண்டை, அவள் போன பிறகு அந்த அறையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், அவள் திரும்பி வருவாள் என்று நினைத்தாரா இல்லையா, எல்லாம் இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை. அன்பு என்று இல்லை. என் படத்து அப்பா ஒரு பக்க வசனம் பேசியும் சொல்லாததை இந்த மனிதர் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனைக் கழற்றிச் சொல்லியிருந்தார்.

அவளைக் கூப்பிட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு சொல் மாறிவிடக் கூடாதே என்ற பயம்தான் இருந்தது. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நடந்தேன். அவள் இருந்த அறையைத் தாண்டி பெரியவர் படுத்திருந்த அறைக்குப் போனேன். வழியில் போனைச் சத்தம் வராமல் பண்ணி அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். "வீட்டு விஷயம்தான் அக்கா. பேசிட்டேன். ஷாட் முடிஞ்சதும் நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்."

பெரியவரிடம் வசனம் மாறியிருப்பதாகச் சொன்னேன்.

"சாகற நேரத்துல ஃபேனைப் பத்தியா தம்பி பேசணும்?"

"ஆமாங்க ஐயா. அழ வேண்டாம். சும்மா தகவல் சொல்ற மாதிரி."

அவர் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கே. இதை முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதா?" என்றார்.

பட்டாணிக்குச் சொல்லவில்லை. அவளுக்குப் பழைய வசனம்தான் தெரியும்.

கேமரா ஓடியது. அவள் கட்டிலோரம் வந்து நின்றாள். பெரியவர் கண்ணைத் திறந்து, நான் சொன்னதுபோலவே, தகவல் சொன்னார். அவள் அடுத்து "என்னை மன்னிச்சிடுங்கப்பா" என்று காலடியில் விழ வேண்டும். விழவில்லை. தலையைத் தூக்கி மேலே இருந்த ஃபேனைப் பார்த்தாள். அது ஓடவில்லை. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, "எப்ப?" என்றாள். "எப்பப்பா சரி பண்ணீங்க?"

பெரியவர் பழுத்த நடிகர். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கட் சொல்ல மறந்துவிட்டேன். கேமராமேன்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சார், இந்த வசனம் எங்கேருந்து சார் பிடிச்சீங்க? எங்கப்பா மோட்டார், ஃபேன் ரிப்பேர் கடைதான் வச்சிருக்காரு. ஊர் ஃபேன் எல்லாம் சரி பண்ணுவாரு. என் ரூம்ல இருக்கிறதை மட்டும் தொடமாட்டாரு. கேட்டா, காசு குடுக்கிறவன் வேலை முதல்ல முடியட்டும்பாரு. அதுக்கே எத்தனை சண்டை தெரியுமா?"

"எல்லார் வீட்லயும் ஒரு ஃபேன் சத்தம் போடும்மா" என்றேன்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு குடுங்க சார். வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துட்டு வந்துடறேன். திட்டினா திட்டட்டும்."

"போலாம்மா. ஒரு குளோஸப் மட்டும் எடுத்துட்டுப் போலாம்" என்றேன்.

குளோஸப் எடுத்தோம். லைட்டை மாற்றி இன்னொரு பக்கத்திலிருந்தும் எடுத்தோம். மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் அவளைத் தனியே கூப்பிட்டு, வீட்டிலிருந்து இப்போதுதான் போன் வந்தது என்று சொன்னேன். என் காரையே கொடுத்தேன். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இந்த உதவியை மறக்கமாட்டேன் சார்" என்றாள். பின்னால் நின்ற காஸ்ட்யூம் அக்கா என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

அவள் பாதி வழியில் போய்க்கொண்டிருக்கும்போது, பொழுது சாயும் நேரத்தில் அவளுடைய அப்பா போய்விட்டார். முதல் அழைப்பு வந்தவுடன் புறப்பட்டிருந்தால், அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவள் போய்ச் சேர்ந்திருப்பாள். குளோஸப்புக்கு லைட் மாற்றிக்கொண்டிருந்தபோதே அதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எடிட்டிங்கில் மச்சான் அந்தக் காட்சியைத் தொடவில்லை. ஓடவிட்டுப் பார்த்தார், மறுபடி ஓடவிட்டார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"யாரு எழுதினது மாப்ள இது?"

"நான்தான்."

அவர் என் தோளில் கை வைத்தார். எங்கள் உறவில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. "இப்பதான்டா நீ ஒரு அப்பாவைக் காட்டியிருக்கே" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக் காரியமெல்லாம் முடிந்து பட்டாணி டப்பிங்குக்கு வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. அந்தக் காட்சியை ஓட்டி ஓட்டி அவள் தன் குரலைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் திரையில் பெரியவர் ஃபேன் சரியாகிவிட்டதைச் சொல்வார். அவள் கேட்டுவிட்டு, "எப்ப?" என்பாள். குரல் சரியாக வரவில்லை. திரும்ப ஓட்டுவோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நானும் சவுண்ட் இன்ஜினியரும்.

திடீரென்று ஹெட்போனைக் கழற்றினாள். மைக்கிலேயே கேட்டாள்.

"சார், என் ரூம்ல ஃபேன் சத்தம் போடல. எப்ப சரி பண்ணாருன்னு அம்மாவுக்கே தெரியல. அண்ணன் போன்ல அன்னைக்குக் காலைல என் நம்பருக்கு இன்னொரு கால் போயிருக்கு. அவன் பண்ணலையாம். எங்கப்பா உங்ககிட்ட பேசினாரா சார்?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் அவளோடு பேசுவதற்கான மைக் பட்டனை அழுத்தினேன்.

"கால் வந்துச்சும்மா. எடுத்தேன். ஒரே இரைச்சல். ஒண்ணும் கேக்கல."

அவள் தலையாட்டினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "சரி சார், போடுங்க" என்றாள். அடுத்த டேக்கில் வந்த குரல்தான் படத்தில் இருக்கிறது. அதைவிட நல்ல டேக் வராது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

படம் ஓடியது. முதல் முறையாக என் படத்தில் மனிதர்கள் இருப்பதாக எழுதினார்கள். தியேட்டரில் வீட்டார் எல்லோரும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி அழுதாள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஃபேன் விஷயம் உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?" என்று கேட்டாள். கல்யாணமானதிலிருந்து என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. "தோணுச்சு" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு அன்பாக இருக்கும்போதெல்லாம், வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் நீங்கள் இரண்டாவது முறை கூப்பிட்டபோது வக்கீல் இல்லாமல் வந்தேன்.

நான் சொன்னதில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். முதல் அழைப்புக்குப் பிறகு அவளை அனுப்பிவைக்கத்தான் நடந்தேன் என்றேன். என்னிடமே பலமுறை அப்படிச் சொல்லிச் சொல்லி அது நடந்தது மாதிரியே ஆகிவிட்டது. நான் அவளை ஷாட்டுக்குக் கூப்பிடப் போனேன்.

அவளுடைய அப்பா முதலில் ஃபேனைப் பற்றிச் சொல்லவில்லை. "அவ பக்கத்துல இருக்காளா? ஒரு நிமிஷம் குடுங்க" என்றுதான் கேட்டார். அவள் எதிரே ஜன்னலோரம் நின்று, அக்காவிடம் எதையோ நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் போதும். "ஷாட்ல இருக்காங்க ஐயா" என்றேன். அந்த நிமிஷம் என்னிடம் வசனம் எதுவும் இல்லை. படத்துக்காகச் செய்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. மேக்கப் அப்போதுதான் முடிந்திருந்தது. அழுதால் கண் வீங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். அவ்வளவுதான் காரணம். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஷாட் முடியும் என்று நினைத்திருக்கலாம். மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் பேசாமல் இருந்தேன். அதன் பிறகுதான், வேறு வழி இல்லாமல், அதை என்னிடம் சொன்னார்.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். என்ன தண்டனையானாலும் சரி, படம் எடுக்கக் கூடாது என்றாலும் சரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வசனத்தைப் படத்திலிருந்து வெட்டச் சொல்லிவிடாதீர்கள். அது ஓர் அப்பா தன் மகளுக்குச் சொல்லி அனுப்பியது. கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.